வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கடை மேசையில் உட்கார்ந்து எழுதும் கடிதம் இது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எண்ணெய் போட்ட பூட்டு மாதிரி சிக்கலில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகளை வளர்த்தவன் என்ற முறையில், நம்புகிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவில்லை.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்காகக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. என் பூட்டுச் சாவிக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலை மட்டும்தான். அந்தப் பக்கம் உங்கள் அத்தை எவ்வளவு வேகமாகத் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாலும், இந்தப் பக்கம் நான் ரகசியமாக ஒரு வார்த்தை பேசினால் போதும், மிஷின் தானாக நின்றுவிடும். ஃபோனில் உங்களுக்கு நன்றி என்று சொன்னால் எதற்கு நன்றி என்று கேட்பாள், கேட்டால் நான் உளறுவேன், உளறினால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் அன்றைக்கு நீங்கள் செய்த அவ்வளவு பெரிய உபகாரத்துக்கு, "சரி மாப்பிள்ளை, வெச்சுடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அன்றிலிருந்து அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதியையும் கேட்டால்தான் நான் ஏன் இப்படி உருகுகிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

நீங்கள் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பியபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நீங்கள் அதை அங்கேயே திறந்து, ஓட்டிப் பார்த்து, உங்கள் பெயரிலேயே யூசர் கணக்கும் போட்டு அனுப்பிவிட்டீர்கள். வீட்டு உள்ளறையில் அதை வைத்து, காலையில் பொத்தானை அழுத்தினால் திரை முழுக்க உங்கள் திருநாமம். அதற்கு மேலே ஒரு வட்டத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் தெரியும் மலையை இப்போதுதான் விலை பேசி முடித்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்கும் உங்கள் படம். என் வீடு, என் மேசை, என் கரண்ட். உள்ளே போக வேண்டுமென்றால் உங்கள் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்! வாசல் பலகையில் என் பெயர், கடை போர்டில் என் பெயர், தபால் பெட்டியில் என் பெயர், கம்ப்யூட்டரில் மட்டும் மருமகன் பெயரா? போதாக்குறைக்கு உங்கள் அத்தை தினமும் அதன் முன்னால் நின்று, "மாப்பிள்ளை முகத்துல முழிச்சா அன்னிக்குப் பூரா ஒரு ஊசிகூட உடையறதில்லை" என்பாள். அப்படியென்றால் இத்தனை வருஷமாக என் முகத்தில் விழித்து எத்தனை ஊசி உடைந்ததாம்? வாயைத் திறந்து கேட்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். அமைப்புகள் என்ற இடத்தில் நுழைந்து, வழிதவறி, திரும்பி வந்து, ஒருவழியாகக் கணக்கின் பெயரை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, உங்கள் பெயரை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். படத்தையும் விடவில்லை. கையில் பூட்டோடு நான் நிற்கும் படத்தைப் போட்டேன். அது ஏனோ பக்கவாட்டில் படுத்துக்கொண்டது, இருந்தாலும் முகம் என்னுடையதுதானே? அணைத்துத் திறந்தால் திரை முழுக்க என் பெயர். தலைகால் புரியவில்லை மாப்பிள்ளை! ஒரு வாடிக்கையாளர் சாவிக்கு நிற்கிறார், அவரை உள்ளே கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று காட்டினேன். அவர், "ஏன் படுத்திருக்கீங்க?" என்று கேட்டார். ரசனை இல்லாத மனுஷன். அவருக்கு ரசீது அடித்துச் சேமிக்கப் போனேன். எங்கே சேமிக்கட்டும் என்று கேட்டு கம்ப்யூட்டர் ஒரு பாதையைக் காட்டியது. அந்தப் பாதையின் நட்டநடுவே மறுபடியும் நீங்கள்! வெளியே வாசலில் நான், உள்ளே சாமான் வைக்கிற ஃபோல்டர் இன்னும் உங்கள் பெயரில். கடைக்குப் புதுப் போர்டு மாட்டிவிட்டு, பத்திரம் பழைய ஆள் பெயரிலேயே கிடக்கிற மாதிரி.

எதிரே போட்டோகாப்பிக் கடை வைத்திருப்பவரை உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரைப் பற்றி எதைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

"அது ஒண்ணுமே இல்லண்ணே. வெளிய பேரை மாத்தினா உள்ள ஃபோல்டர் பேரு மாறாது. அது பொறந்தப்ப வெச்ச பேரு. நீங்க உங்க பேர்ல புதுசா ஒரு கணக்கைத் தொடங்குங்க, அதுக்கு அட்மின் உரிமை குடுங்க, பழைய கணக்குல இருக்கிற சாமானை எல்லாம் புதுசுக்கு மாத்துங்க, அப்புறம் பழசைத் தூக்கிப் போடுங்க. வீடு மாத்தற மாதிரிதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். எல்லாம் வந்துருச்சான்னு மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது நான் பாதித் தெருவைக் கடந்திருந்தேன்.

பழைய கணக்குக்கு உங்கள் பெயரையும் படத்தையும் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினேன். அது வணக்கம் என்றது. உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்றது. அந்த மரியாதையைப் பார்த்துவிட்டு நான் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். திறந்து பார்த்தால் காலி வீடு! மூலையில் ஒரு குப்பைத்தொட்டி, வேறு ஒரு துரும்பு கிடையாது. நுழைவுத் திரையின் கீழ்மூலையில் மட்டும் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன: உங்கள் பெயர், என் பெயர், அதற்கும் கீழே ஒரு நூல்கண்டுப் படத்தோடு "பாபின்" என்று ஒன்று. அது விளம்பரம். நாம் பேசுவதை ஒட்டுக்கேட்டு அதற்கேற்ற மாதிரி கம்ப்யூட்டர் விளம்பரம் போடும் என்று என் மகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். பொழுது விடிந்து பொழுது போனால் தையல் பேச்சே நடக்கிற வீட்டில் பாபின் விளம்பரம் வராமல் வேறு என்ன வரும்? விளம்பரத்தை அழுத்தாதீர்கள் என்று நீங்களும் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதன் பக்கமே போகவில்லை.

அடுத்து, உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரைத் தட்டினேன். இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. யாரிடம்? பூட்டுக்காரனிடம்! இந்த ஊரில் பல் டாக்டர் முதல் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வரை சாவியைத் தொலைத்த அத்தனை பேரும் கூப்பிடுவது என்னைத்தான். ரத்தம் கொதித்தது. அப்புறம் பார்த்தால் கீழேயே "தொடர்க" என்று ஒரு பொத்தான். அழுத்தினேன், திறந்துகொண்டது. இதற்குப் பெயர் பூட்டா மாப்பிள்ளை? கதவில் உள்ளே வராதே என்று எழுதிவிட்டுப் பக்கத்து ஆணியிலேயே சாவியைத் தொங்கவிட்ட தொழிலாளியை நான் கண்டதில்லை. நம் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள். எந்தப் பூட்டை மாட்டினாலும் சாவி இரண்டு வெட்டுவேன். ஒன்று என்னிடம், இன்னொன்று உங்கள் அத்தையின் வளையத்தில். அவளுக்குச் சாவி இல்லாத பூட்டு இந்த வீட்டில் இருக்காது என்று கல்யாணமான புதிதிலேயே வாக்குக் கொடுத்தவன் நான். பூட்டு என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்குதான் என்னைக் குப்புறத் தள்ளியது. காப்பி செய்தால் ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடக்குமே என்று கட் செய்து பேஸ்ட் செய்தேன். டெஸ்க்டாப்பில் கிடந்தது, டாக்குமெண்ட்ஸில் கிடந்தது எல்லாவற்றையும் அள்ளினேன். ஒரு பச்சைக் கோட்டைக் காட்டி இன்னும் பத்து நிமிஷம் என்றது. பிறகு இரண்டு மணி நேரம் என்றது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஐந்து நொடி என்றது. நம் தெரு பிளம்பர்தான் இப்படிப் பேசுவார். முடிந்ததும் சரிபார்த்தேன். என் ரசீதுகள் வந்தனவா? வந்தன. என் சாவிப் படங்கள்? வந்தன. நான் சதுரங்கத்தில் கம்ப்யூட்டரை ஒரே ஒருமுறை ஜெயித்ததற்கு அத்தாட்சியாக வைத்திருந்த படம்? அதுவும் வந்தது. என் சாமான் மொத்தமும் வந்துவிட்டது. என் சாமான்! உங்கள் கணக்கை நீக்கச் சொன்னேன். அதிலுள்ள கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா என்று கேட்டது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவன் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவதுதானே முறை? அழி என்றேன். கறுப்புக் கண்ணாடி மறைந்தது. நான் விசிலடித்துக்கொண்டே கடைக்குள் வந்து உட்கார்ந்தேன்.

விசில் பாதியில் நின்றது. உங்கள் அத்தை நூலோடு திரும்பி வந்து, திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினாள்.

"ஏங்க, திங்கக்கிழமை வகுப்புக்கு முதல் பாடத்தை ஒருதடவை போட்டுப் பாக்கணும். கம்ப்யூட்டரை அணைச்சுடாதீங்க."

மாப்பிள்ளை, சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. வீடியோவுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு என்பதே எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஓடிப் போய்ப் புதுக் கணக்கில் தேடினேன். இல்லை. பழையதில் தேடலாம் என்றால் பழையதே இல்லை.

அவை என்ன பாடங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். ஃபோனைத் திரைச்சீலைக் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டி, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பெஞ்சில் துணியை விரித்துப்போட்டு அவள் எடுத்த தையல் பாடங்கள். அளவெடுப்பது, கழுத்து வெட்டுவது, காலர் வைப்பது, கை ஏற்றுவது என்று ஒவ்வொன்றாக. பாதி எடுத்தபோதே மணிக்கட்டு வீங்கிவிட்டது. கத்தரிக்கோலை இனிமேல் தொடவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பட்டையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் எடுத்து முடித்தாள். "கை ஓயறதுக்குள்ள கையில இருக்கிறதை நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துடணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வகுப்புக்கு எங்கெங்கோ இருக்கும் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மறுபடி எடுக்கலாம் என்றால் அந்தக் கையால் முடியாது. நான் என் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டு அவள் கையையே அழித்துவிட்டேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உங்களுக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

"மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க மாமா. ஏன் கிசுகிசுன்னு பேசறீங்க?"

"அழிச்ச கணக்கைத் திரும்ப வரவழைக்க முடியுமா?"

"எந்தக் கணக்கை?"

"உங்க கணக்கை."

"என்னை ஏன் மாமா அழிச்சீங்க?"

திருதிருவென்று விழித்துக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது ஏதோ ஒரு வேகத்துல நடந்துபோச்சு. அதை விடுங்க. உங்க அத்தையோட பாட வீடியோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"மாமா, பதறாதீங்க. இனிமே கம்ப்யூட்டர்ல எதையும் தொடாதீங்க."

"மவுஸ்?"

"தொடாதீங்க."

"தூசி தட்டலாமா?"

"மாமா!"

"சரி, சரி."

"கஷ்டம்தான். நான் மீட்டிங்கை விட்டு வெளிய வந்து பாக்கறேன். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலை. அதுவரைக்கும் அத்தை கம்ப்யூட்டர் பக்கம் வராமப் பாத்துக்குங்க."

ஒரு கோபம் இல்லை, ஒரு குத்தல் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் மாமனாரை அன்றைக்கே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அந்தப் பொறுமையை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் மகளோடு குடும்பம் நடத்தியதில் வந்ததா? எதில் வந்திருந்தாலும் நன்றாயிருங்கள்.

உங்கள் அத்தையிடம் போய், கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை, மாப்பிள்ளை தூரத்திலிருந்தே வைத்தியம் பார்க்கிறார் என்றேன். "அப்படியா, பாவம்" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் வரவிடாமல் இருக்க வேண்டுமே, அதற்காக அவள் கைவேலையை எல்லாம் நான் பிடுங்கிக்கொண்டேன். பாத்திரம் தேய்த்தேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். நூல் துணுக்குகளைப் பெருக்கினேன். இஸ்திரி போட்டதில் என் சட்டை ஒன்று போனது, போகட்டும். "மேல் அலமாரியிலயும் தூசி இருக்கு" என்றாள், ஏணி போட்டு ஏறினேன். "ஜன்னல் கம்பியைக்கூடப் பாருங்களேன்" என்றாள், ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். என்றைக்கும் இல்லாத திருநாளாக இதெல்லாம் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்லவேளை. நடுவில் ஒருதடவை ஃபோனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். எனக்குத் திக்கென்றது. "வெங்காயம்" என்றாள். அந்த அப்பாவி முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுத்த ஜன்னலைத் துடைக்கப் போனேன்.

வெயில் இறங்கிய நேரத்தில், யாரும் தொடாமலே திரையில் அம்பு நகர்ந்தது. நீங்கள்தான் அங்கிருந்து நகர்த்துகிறீர்கள் என்று தெரிந்தும் எழுந்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு பாடமாக என் கண்ணெதிரே புதுக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. கழுத்து வந்தது. காலர் வந்தது. கை வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"மாமா, கெடச்சிருச்சு. ஒண்ணைப் போட்டுப் பாருங்க."

கை ஏற்றும் பாடத்தைப் போட்டேன். உங்கள் அத்தை மணிக்கட்டுப் பட்டையோடு துணியை விரிக்கிறாள். சாக்கட்டியால் கோடு போடுகிறாள். கத்தரிக்கோலை எடுக்கும் நேரம், கர்ரென்று ஒரு சத்தம். என் சாவி வெட்டும் மிஷின்தான். பாடம் எடுக்கும்போது ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தும் எந்த அவசரத்தில் ஓட்டினேனோ. நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். ஆனால் திரையில் அவள் முகம் சுளிக்கவில்லை, சிரித்தாள். "இது என் வீட்டுக்காரர். பக்கத்துல சாவி வெட்டறார். கொஞ்சம் பொறுங்க, அவரும் வேலைதானே பாக்கறார்" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்து, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, என் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். அந்த இடத்தை அவள் பிறகு வெட்டி எறிந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது மாப்பிள்ளை. கைக்குக் கிடைத்த துணியால் துடைத்தேன். அது மிஷின் துடைக்கும் எண்ணெய்த் துணி. அதற்கப்புறம் வந்த கண்ணீருக்கு இரண்டு காரணம்.

அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்: "கணக்குல இப்ப உங்க பேரு இருக்கு மாமா. அப்படியே விட்டுடலாமா?"

எதற்காக இவ்வளவு கூத்து அடித்தேனோ அது கைக்கு வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாசல் பலகையில் என் பெயர், கடை போர்டில் என் பெயர், தபால் பெட்டியில் என் பெயர். அவள் பெயர் இந்த வீட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நான் அடிப்பது மாதத்துக்கு நாலு ரசீது, அவள் வைத்திருப்பது அவளுடைய தொழில் மொத்தமும். உங்கள் பெயரா என் பெயரா என்று மல்லுக்கட்டினேனே தவிர, அவள் பெயர் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"அத்தை பேரை வைங்க மாப்பிள்ளை."

"நெஜமாவா மாமா?"

"நெஜமாத்தான்."

"வெளிய பேரு மாறிடும். ஆனா உள்ள ஃபோல்டர் உங்க பேர்லதான் இருக்கும். அதுவும் மாறணும்னா இன்னொரு புதுக் கணக்கு தொடங்கி, எல்லாத்தையும் மறுபடி அதுக்கு மாத்தி..."

"வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அவள் பொத்தானை அழுத்தினாள். திரை முழுக்க அவள் பெயர். நான் சாவி தேடுகிற மாதிரி பக்கத்தில் நின்றிருந்தேன். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை, நீங்கள் அனுமதி கொடுத்த உடனேயே நான் தட்டிவிட்டேன். நேற்று வகுப்பும் தொடங்கிவிட்டது. வேறு வேறு வீடுகளிலிருந்து பெண்கள் திரையில் வந்து உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல அளவெடுத்தார்கள். முந்தின நாள் உங்கள் அத்தை அனுப்பிய பாடங்களைப் பார்த்துவிட்டிருந்த ஒரு பெண், "டீச்சர், அந்தச் சாவிச் சத்தம் எப்ப வரும்?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். நான் மிஷினை அணைத்துவிட்டுத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சராம்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இவ்வளவும் உங்களால்தான். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க அந்த அழிந்த குப்பையைக் கிளறி எடுத்திராவிட்டால், நான் அவள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? என் ஃபோனில் இருந்த உங்கள் கறுப்புக் கண்ணாடிப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கடையில் சாவிகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறேன். போட்டோகாப்பிக் கடைக்காரர் காசு வாங்கவில்லை, குற்ற உணர்ச்சி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உங்கள் முகத்தில்தான் விழிக்கிறேன். இன்னும் ஒரு சாவிகூட உடையவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நடந்தது எதுவும் உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம். என் மகளிடமும் சொல்லாதீர்கள், அவளுக்குச் சொன்னால் அது தெருவுக்கே சொன்ன மாதிரி. இந்தக் கடிதத்தையும் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன், நாளைக்குத் தபாலில் சேர்ப்பேன். என் கையால் செய்த பூட்டு. அதைத் திறக்கக்கூடிய ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது.

நீங்கள் தொட்டதெல்லாம் திறக்கட்டும், தேடியதெல்லாம் கிடைக்கட்டும். என் மகளின் கோபம் உங்கள் பக்கம் வராமல் வேறு பக்கம் போகட்டும். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று இருக்க இந்த மாமனாரின் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் உபகாரத்தை உயிருள்ளவரை மறக்காத,
மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறது. இந்த டிராயர் சாவி என் வளையத்துல இருக்கு. இவரே வெட்டிக் குடுத்ததுதான், மறந்துட்டார்போல. உறை ஒட்டாம இருந்துச்சு, படிச்சுட்டேன்.

அன்னிக்கு நீங்க என்னைக் கூப்பிட்டு, "அத்தை, மாமா பழைய கணக்கை அழிச்சுட்டார், உங்க பாபின் கணக்குல பாடமெல்லாம் பத்திரமா இருக்கில்ல?"ன்னு கேட்டப்ப, "இருக்கு, ஆனா உடனே குடுத்துடாதீங்க, சாயங்காலம் வரைக்கும் தவிக்கட்டும்"னு சொன்னது நான்தான். ஒரு கணக்குலேருந்து இன்னொரு கணக்குக்கு மாத்தற சின்ன வேலைக்கு என் பேச்சைக் கேட்டு ஒரு மத்தியானம் பூரா நடிச்சீங்க, அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். ஜன்னல் கம்பி இப்படிப் பளபளன்னு இருந்து நான் பாத்ததே இல்லை. அன்னிக்கு நான் வெங்காயம் உரிக்கவே இல்லை. அடுக்களையில நின்னு சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

சாயங்காலம் எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் அறை வாசல்கிட்ட வந்தேன். அப்ப இவர் என் பாடத்தைப் பாத்துக்கிட்டு அந்த எண்ணெய்த் துணியால கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அத்தை பேரை வைங்கன்னு சொன்னதும் காதுல விழுந்துச்சு. எனக்குச் சொல்ல மனசு வரலை, திரும்பிப் போய் மிஷினை ஓட்ட ஆரம்பிச்சுட்டேன். நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு நம்பறார், நம்பட்டும். மாப்பிள்ளையைப் பத்தி இவர் வாயால இவ்வளவு நல்ல வார்த்தை கெடைக்கறது லேசா?

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இவர் கை படாம இருக்கட்டும்னுதான் உங்ககிட்ட சொல்லித் தனியா அந்தப் பாபினை வெச்சிருந்தேன். அதுல இருக்கிற என் அளவுக் குறிப்பு, படம், மத்த எல்லாத்தையும் இவர் என் பேர் வெச்ச கணக்குக்குக் கொண்டுவந்துடுங்க. இனிமே நான் அதுலதான் வேலை பாக்கப் போறேன். வெளிய என் பேரு, உள்ள அவர் பேரு, அது அப்படியே இருக்கட்டும். மாத்த வேண்டாம்.

ஆனா கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க. பாபினும் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். சாவி ரெண்டு வெட்டறதுதானே இந்த வீட்டு வழக்கம்.